அந்த வெள்ளிக்கிழமை நான் கடலூரில் இல்லை

பாப்பா,

திங்கட்கிழமை காலையில் நீ சிதம்பரம் போய் டூட்டியில் சேர வேண்டும். உன் காக்கி ரெண்டு செட்டும் தேய்த்தாகிவிட்டது. மடிப்பு கலையாமல் பேப்பர் சுற்றிப் பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன். அதற்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பொண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டாள். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான். இருபது வருஷமாக வரவில்லை. இன்னொன்றும் உண்டு. நான் செய்தது காகிதத்தில் செய்த தப்பு, அதைக் காகிதத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. நான் சொல்லச் சொல்ல உன் மாமன் எழுதுகிறான். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன் ஆச்சே, எடுத்த எடுப்பில் “மாமா, அனுப்புநர் பெறுநர் போட்டுடட்டுமா?” என்றான். “எம் பொண்ணுக்கு எழுதறேன்டா மச்சான், கலெக்டருக்கு இல்ல” என்றேன். “உம் பொண்ணும் இனிமே அதிகாரிதான் மாமா” என்கிறான். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம்.

உன் பச்சைத் துப்பட்டா ஞாபகம் இருக்கிறதா? எஸ்.ஐ. பரீட்சைக்கு நீ படித்த சமயம். வீட்டில் புழுக்கம் ஜாஸ்தி என்று என் இஸ்திரி வண்டிப் பக்கத்தில், வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பாய். நான் துணி தேய்த்துக்கொண்டே கேட்பேன். எழுத்து தெரியாதவனுக்குக் காதுதான் புத்தகம். நீ மூன்று தடவை படித்தால் எனக்கு ஒரு தடவையிலேயே பதிந்துவிடும். அடுத்த நாள் நீ தடுமாறுகிற இடத்தில் நான் எடுத்துக் கொடுப்பேன், “அப்பா, நீயே பரீட்சை எழுதிடு” என்பாய். ஒரு நாள் கைது பற்றிய பாடம் வந்தது. கைது செய்கிற இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கைதுக் குறிப்பு எழுத வேண்டும், நாளும் மணியும் அதில் இருக்க வேண்டும், பிடிபட்டவனின் குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று படித்தாய். அந்த 'மதிக்கத்தக்க ஒருவர்' என்ற வார்த்தையில் என் கை நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டி துப்பட்டா மேலேயே நின்றது. கருகிய வாசனை வந்த பிறகுதான் எடுத்தேன். “இன்னாப்பா ஆச்சு?” என்று கேட்டாய். கரி ஜாஸ்தி போட்டுவிட்டேன் என்றேன். கரி சரியாகத்தான் இருந்தது, பாப்பா.

நீ ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம் என் வண்டி வேறொரு தெருவில், ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே நின்றது. அந்த ஸ்டேஷன் காக்கி எல்லாம் என் கையில்தான் கஞ்சி ஏறி மடிப்பு விழும். எந்தச் சட்டையில் எத்தனாவது பொத்தான் உடைந்திருக்கிறது, எந்தக் காலரில் மஞ்சள் கறை என்று பார்க்காமலே சொல்லுவேன். அங்கே எழுத்து வேலை பார்த்த ஏட்டு ஒருத்தர். ரைட்டர் என்போம். ஒரு நாள் துணி கொடுக்கப் போனபோது கூப்பிட்டு உட்கார வைத்தார். ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. “ஒரு கைநாட்டு வேணும். சட்டப்படி, இந்த ஏரியாவுல மதிக்கத்தக்க ஆளு ஒருத்தர் சாட்சிக்கு வேணும்யா. உன்ன விட்டா யாரு?” என்றார். பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள், “ஊரையே மொடமொடன்னு நிக்க வெக்கிறவராச்சே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. நிலம் கை விட்டுப் போய், ஊரை விட்டு வந்து, அடுத்தவர் அழுக்குத் துணியைக் கும்பிட்டு வாங்குகிறவனை ஒருத்தர் மதிக்கத்தக்க ஆள் என்று காகிதத்தில் எழுதுகிறார். இடது கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினேன். அதற்கப்புறம் கூப்பிடும்போதெல்லாம் போனேன். எதையும் படித்துக் காட்டு என்று கேட்டதில்லை. கேட்டால் அந்த மரியாதை போய்விடுமோ என்று ஒரு எண்ணம்.

அந்த விரலைத்தான் நீ சின்னப் பிள்ளையில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாய். பெட்டி சுட்ட தழும்பு குறுக்கே வளைந்து ஓடும். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் நான் ரேகை வைத்ததும், “உன் விரல்ல கெடிலம் ஓடுதுப்பா” என்பாய். ரேகைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு ஆறு. நீ பேனா எடுத்து அதற்கு ஒரு பாலம் போட்டு, டீச்சரிடம் திட்டு வாங்கியதும் எனக்கு மறக்கவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, குமரேசன் என்ற பையனைப் பிடித்து வந்தார்கள். பையன் என்றால் இருபத்திரண்டு வயது. கடற்கரை ஊர்க்காரன். யாரோ ஒருவருடைய படகு எஞ்சின் காணாமல் போனதற்கு அவன் மேல் சந்தேகம். புதன்கிழமை நான் துணி கொடுக்க உள்ளே போனபோது பின்கட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து, “அண்ணே, எங்கம்மாகிட்ட சொல்லுண்ணே” என்றான். நான் எண்ணிக்கொண்டிருந்த துணியைத் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

வியாழக்கிழமை அவன் அம்மா அஞ்சலை வந்தாள். மீன் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வந்திருந்தாள். ஸ்டேஷனில் கேட்டிருக்கிறாள், அப்படி யாரும் இங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நேரே என் வண்டிக்கு வந்தாள். “அண்ணே, நீ உள்ள போய் வர்ற ஆளு. எம்புள்ள உள்ள இருக்கானா? இருக்கான் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு, அடிச்சா அடிக்கட்டும், இருக்கான்னு தெரிஞ்சா போதும்” என்றாள். நான் பெட்டியை எடுக்காமல், “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் தேர். உன்னை அழைத்துப் போவதாக ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். மனசு ஸ்டேஷன் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்றும் இருந்தது. விடியும் முன்னே பஸ் ஏறினோம். நீ ஜன்னலோரம், உன் அம்மா நடுவில், நான் பாதி சீட்டில் பாதி வெளியில். கீழ வீதிக்குள் நுழைய முடியாத கூட்டம். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். நீ என் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் போப்பா, அந்தப் பக்கம் போப்பா” என்று ஓட்டினாய். தேர் தெற்கு வீதிக்கு வந்து நின்றுவிட்டது. எதிரே ஜவுளிக்கடைச் சுவரில் கடிகாரம். எழுத்துதான் தெரியாது எனக்கு, முள் தெரியும். மணி பதினொன்று. “ஏன்ப்பா நின்னுட்டுது, சாமிக்குக் கால் வலிக்குதா?” என்றாய். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, “பாப்பா புடிச்சா நகரும்” என்று வடத்துக்கு வழி விட்டார். உன்னை இறக்கி, உன் கையை வடத்தின் மேல் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். கூட்டம் சத்தம் போட்டது, தேர் அசைந்தது. நீதான் இழுத்தாய் என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாய். சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டோம், காரம் என்று கொத்சை என் இலையில் தள்ளினாய். மரச்சொப்பு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் கிட்டே பஸ் குலுங்கியதில் அம்மிக் குழவி ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது. கடலூர் வரும்வரை அழுதாய்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ரைட்டர் கூப்பிட்டார். “அந்த எஞ்சின் கேஸுய்யா, நீ ஒரு விரல் வெச்சிட்டுப் போ” என்றார். காகிதம் எழுதித் தயாராக இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொய் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை பிடித்தவனுக்குச் சனிக்கிழமை எழுதுகிற காகிதம் வேறு என்னவாக இருக்கும்? கதவுப் பக்கம் பார்த்தேன். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். வைத்தேன். வெளியே வந்து விரலை மண்ணில் துடைத்துவிட்டுக் கரி பற்றவைத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போதுதான் அந்தக் காகிதத்தில் இருந்தது என்ன என்று கேட்டேன். குமரேசன் பக்கத்து வக்கீல் படித்தார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, துறைமுகத்துக்குப் போகிற வழியில், என் கண் முன்னால் குமரேசனைக் கைது செய்தார்கள் என்று இருந்தது. கடைசியில் 'படிக்கக் கேட்டேன், சரி' என்று எழுதி, அதற்குக் கீழே என் கெடிலம் ஓடுகிற ரேகை. “உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?” என்று வக்கீல் கேட்டார். காட்டினாங்க சார் என்றேன். “அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? உன் கையும் வடமும் ஜவுளிக்கடைக் கடிகாரமும் கண் முன்னால் நின்றன. “கடலூர்லதான் சார்” என்றேன்.

எஞ்சினை அவன் எடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். ஆனால் மூன்று நாள் அடைத்து வைத்து அடித்தார்கள், காது போய்விட்டது என்று அவன் சொன்னது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் பிடித்தோம், காயம் அதற்கு முந்தியது, எங்கேயோ சண்டை போட்டு வந்தது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குச் சாட்சி, மதிக்கத்தக்க ஆள், நான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளையும் என் ஒரு விரல் மூடி மறைத்துவிட்டது. குமரேசனுக்கு இன்றைக்கும் இடது காது கேட்காது.

அப்புறம் அந்தத் தெருவிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். நீயும் வளர்ந்தாய். வருஷா வருஷம் ஆனி வந்தால் கேட்பாய், “அப்பா, அந்தத் தேர் நாள் சொல்லேன், நான் தேர் இழுத்தேனே, அது சொல்லேன்.” எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை பாப்பா என்பேன். ஊர்ப் பொத்தான் எல்லாம் நினைவு வைத்திருக்கிற அப்பாவுக்கு என் தேர் மட்டும் மறந்துபோச்சு என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அந்த நாள் நான் அங்கே இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதை எடுத்து உன்னிடம் பேச எனக்கு உரிமை இல்லாத மாதிரி இருந்தது. இப்போது மேலே முழுக்கச் சொல்லியிருக்கிறேன். குழவி விழுந்த இடம் வரைக்கும். அது உன்னுடையது, எடுத்துக்கொள்.

போன மாதம் அஞ்சலை நம் வண்டிக்கு வந்தாளே, நீ எஸ்.ஐ. ஆனதைக் கேள்விப்பட்டு, சங்கரா மீன் ஒரு பை கொண்டு வந்தாளே. உன் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். யாருப்பா இந்த ஆயா என்று கேட்டாய், தெரிஞ்சவங்க என்றேன். நீ வீட்டுக்குள் போனதும் அவளிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு உம்புள்ள உள்ளதான் இருந்தான். பாத்தேன். தெரியாதுன்னு சொல்லிட்டேன்.” அவள் ஆச்சரியப்படவே இல்லை. “தெரியும்ணே. உனக்குத் தெரியாததுன்னா நிமிந்து பாத்து சொல்லுவே. அன்னைக்கு நீ பொட்டிய விட்டுத் தலைய எடுக்கவே இல்ல. துணி கருகிற வாசன வந்துது” என்றாள். பிறகு, “என்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவன் பரங்கிப்பேட்டையில வல பின்றான். போய் அவன்கிட்ட சொல்லு. எடது பக்கம் நின்னு சொல்லிடாதே, கேக்காது” என்றாள். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டை போகிறேன். மன்னிப்புக் கேட்பது என் பாடு. ஆனால் அவன், 'கோர்ட்டில் சொன்னது பொய் என்று எழுதிக் கொடு' என்று கேட்டால், எழுதச் சொல்லி விரல் வைத்துக் கொடுப்பேன். கொடுத்தால் என் மேல் கேஸ் வரும் என்று உன் மாமன் எச்சரிக்கிறான். வரட்டும். எனக்குப் பயம் அதில் இல்லை. புதிதாக வந்த எஸ்.ஐ. அம்மாவின் அப்பா பொய்ச்சாட்சி என்று நீ வேலை பார்க்கிற இடத்தில் ஒருத்தர் இன்னொருத்தர் காதில் சொல்லுவார். டிரெயினிங்கில் நீ உன் கூட்டாளிகளிடம் எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் என்று சொன்னதாகப் பெருமையாக வந்து சொன்னாய். வேறொரு வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன்னால் என்னிடமிருந்து வர வேண்டும். கோபம் வந்தால் கோபப்படு. பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் கொஞ்ச நாள் இரு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே, உனக்குச் சட்டம் சொல்ல நான் யார். நீ படித்தபோது கேட்டேனே, பிடித்தவுடன் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், ஏன் பிடித்தோம் என்று அவனிடமே சொல்ல வேண்டும், பிடிக்கிறவர் பெயர் சட்டையில் தெரிய வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், இருபத்தி நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று. கேட்கக் கேட்க ஒவ்வொரு வரியும் அஞ்சலை கூடையோடு நின்ற இடத்தில் நின்று எழுதின மாதிரி இருந்தது. இதெல்லாம் அப்பவே உண்டா பாப்பா என்று உன்னைப் பார்த்துக் கேட்டேன். அப்பவே உண்டுப்பா, சட்டத்துக்குத்தான் இப்ப பேர் மாத்தியிருக்காங்க என்றாய். உண்டு, ஆனால் ரைட்டர் எடுத்து நீட்டுகிற காகிதத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும் பாப்பா. நாள் இருக்கும், மணி இருக்கும், சாட்சி இருக்கும். உன் மேஜைக்கும் அப்படி ஒரு காகிதம் வரும். எல்லாம் முடிச்சாச்சு மேடம், உங்க கையெழுத்துதான் பாக்கி என்பார்கள். அப்போது அதில் கைநாட்டு இருந்தால், அந்த விரலுக்குச் சொந்தக்காரனைக் கூப்பிட்டு உன் வாயால் படித்துக் காட்டு. அந்த மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேள். பிள்ளையைத் தேர் பார்க்க அழைத்துப் போயிருந்தேன் என்று அவன் சொல்கிற மாதிரி கேள். அதட்டிக் கேட்டால் கடலூரில்தான் இருந்தேன் என்பான். வாசலில் ஒருத்தி வந்து உள்ளே இருக்கிறானா என்று கேட்டால், இருக்கிறான் என்று சொல்ல வேண்டிய ஆள் நீ. இஸ்திரி வண்டிக்காரனை அவள் கேட்கும்படி விட்டுவிடாதே.

எழுதி முடித்ததும் உன் மாமனைப் படிக்கச் சொன்னேன். “நான் எழுதினதுல தப்பு இருக்குமா மாமா?” என்று கோபித்துக்கொண்டான். படி மச்சான் என்றேன். படித்தான். சனிக்கிழமை இடம் வந்தபோது 'காவலர்களால் ஏமாற்றப்பட்டு' என்று படித்தான். நிறுத்தச் சொன்னேன். “நான் அப்படிச் சொன்னேனா?” “சொல்லல மாமா. புள்ள படிக்கும்போது உன்ன தப்பா நெனைக்கக் கூடாதேன்னு...” “ரைட்டரும் இப்படித்தான்டா, நல்லதுக்குன்னு ஒரு வரி சேத்தாரு. அடி அத. யாரும் ஏமாத்தல. தெரிஞ்சுதான் வெச்சேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தான். அடித்த இடத்தில் ஒரு ரேகை வைத்திருக்கிறேன், கீழே இன்னொன்று. மை கொஞ்சம் ஜாஸ்தி ஆகிவிட்டது. ஆறு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்.

படிக்கக் கேட்டேன், சரி.

அப்பா